படுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: என் கணவர் எட்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்குகிறார். ஆனாலும் கார் ஓட்டும்போது கண் சொக்குகிறது என்கிறார். சோம்பேறித்தனமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: சோம்பல் இல்லை சகோதரி. அவர் படுத்திருந்தார், தூங்கவில்லை! தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். மூளை பதறி உசுப்பும். ஒரு செருமல், மறுபடி குறட்டை. இதுதான் தூக்க மூச்சுத்தடை நோய். முற்றினால் மணிக்கு 30 தடவைக்கு மேல் இதே பாடு. விடிந்தால் அவருக்கே நினைவிருக்காது. அந்தத் தூக்கக் கடனை உடம்பு ஸ்டியரிங் முன்னால் வட்டியோடு வசூலிக்கும்.

2013 டிசம்பர் 1, நியூயார்க். மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் போகவேண்டிய வளைவில் ஒரு ரயில் 132 கி.மீ. வேகத்தில் பாய்ந்து தடம் புரண்டது. நான்கு பேர் பலி. ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தார். அவருக்குக் கடுமையான தூக்க மூச்சுத்தடை இருப்பதே பிறகுதான் தெரிந்தது.

டீயும் ஜன்னல் காற்றும் இதற்கு மருந்தல்ல. இன்றிரவு குறட்டை சட்டென்று நின்றால் விநாடிகளை எண்ணுங்கள். அந்தக் கணக்கோடு டாக்டரிடம் போங்கள். தூக்கப் பரிசோதனை இருக்கிறது, காற்றழுத்தத்தால் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி இருக்கிறது. அதுவரை கார் சாவி உங்கள் முந்தானையிலேயே இருக்கட்டும்!