சண்டைக்கு ஆள் பத்தலை

ஏலே சின்னவனே, மருமகளையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுக் கேளு. ஆளுக்கொரு நேரத்துல தனித்தனியா எனக்குப் போன் போட்டுப் புலம்புதீக. நீ வேலைக்குப் போற பஸ்ல இருந்து பேசுதே, அவ துணி துவைக்கிற மிசினுக்குப் பக்கத்துல நின்னு பேசுதா. "முன்ன மாதிரி இல்ல மாமா அவுக"ங்கா அவ. "முன்ன மாதிரி இல்லப்பா அவ"ங்கே நீ. கனடாவுக்கு விமானம் ஏறினா மனுசன் மாறிப்போவானாக்கும்! நீங்க ரெண்டு பேரும் அப்படியேதான் இருக்கீக. அங்க சண்டைக்கு ஆள் பத்தலை, அவ்வளவுதான்.

இங்க இருந்தப்ப உங்க சண்டைய எத்தனை பேர் சுமந்தோம்னு கணக்குப் பாத்தியா? சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னு நீ மூஞ்சியத் தூக்கினா, அவ உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. பின்கட்டுல உங்க அம்மாகிட்ட ஒரு பாட்டம், குழாயடியில எதுத்த வீட்டு மதினிகிட்ட ஒரு பாட்டம், சாயங்காலம் அவ அக்காளுக்குப் போன்ல ஒரு பாட்டம். நீ டீக்கடை பெஞ்சுல உக்காந்து, உப்புப் பேச்சை எடுக்காம அரசாங்கத்தைத் திட்டிட்டு வந்துருவே. ராத்திரி பாய் விரிக்கிற நேரத்துக்குக் கோவம் ஊர் முழுக்கச் சிந்திப் போயிருக்கும், வீட்டுக்குள்ள மிச்சம் இருக்காது. இப்போ டொராண்டோ ஸ்கார்பரோவுல பதினாலாவது மாடி. அவளுக்கு நீயே புருசன், நீயே மாமியா, நீயே குழாயடி மதினி. உனக்கு அவளே பொண்டாட்டி, அவளே டீக்கடை பெஞ்சு. பெஞ்சு திருப்பிப் பேசுதேன்னு உனக்கு வருத்தம்.

அதுல உங்க அம்மா வேற. கோலம் போட்ட கையோட காலையில 6 மணிக்கு வீடியோவுல வந்துருவா. கோடைகாலத்துல அந்நேரம் அங்க முந்தின நாள் ராத்திரி 8.30. சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா இருப்பீக. நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை அந்த நாட்டுக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிருதான். இவளுக்கு அதே 6 மணிதான், ஆனா அங்க 7.30. அடுப்புல குக்கர், மேசையில வீட்டுப்பாடம், குளிக்க மாட்டேன்னு பேரன் ஓடுதான். மிளகா வத்தலைத் தாளிச்சதுக்கு மோட்டுல இருக்கிற புகைப்பெட்டி வேற கூவுது, நீ துண்டை எடுத்து அதுக்கு விசிறிக்கிட்டு நிக்கே. அந்த நேரம் பாத்து போன்ல மாமியா மூஞ்சி வந்தா எவ சிரிப்பா? "நவம்பர் மாசம் ஆனாலே இவ மூஞ்சி கடுத்துப் போகுது, என்ன கண்டாளோ"ன்னு உங்க அம்மா பொருமுதா. எனக்கு அந்தக் கடிகாரக் கணக்கு நல்லாத் தெரியும். சொல்லலை. அவ கோவம் டொராண்டோ பக்கம் திரும்பியிருக்கிற வரைக்கும் எனக்கு இங்க காப்பி சூடா வருது. நீங்களா "இனிமே 7 மணிக்கு மேல கூப்பிடுங்க அத்தே"ன்னு சொல்லிட்டீகன்னா உங்க பாடு தீரும், என் பாடு திண்டாட்டம்.

மருமக விசயத்துக்கு வாறேன். காலேஜுல பாடம் எடுத்த புள்ளை, காப்பிக் கடையில "சின்னக் கப்பா, பெரிய கப்பா"ன்னு கேட்டுக்கிட்டு நிக்கா. போற இடத்துல எல்லாம் "கனடா அனுபவம் இருக்கா"ன்னு கேட்டானுவளாம். கனடாவுல வேலை குடுத்தாத்தானலே கனடா அனுபவம் வரும்? இப்படிக் கேக்கிறது பாரபட்சம்னு ஒன்ராறியோ மாகாண மனித உரிமை ஆணையமே 2013ல சொல்லியாச்சு. 2026 ஜனவரியில இருந்து, 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற கம்பெனி விளம்பரத்துல அதை எழுதவே கூடாதுன்னு சட்டம். விளம்பரத்துல கேக்க மாட்டான், மனசுக்குள்ள கேப்பான், அது வேற. அவ கோவம் அவன் மேல. ஆனா அவன் கைக்கு எட்டலையே, எட்டுறது நீதானே. கட்டில்ல ஈரத்துண்டைப் போட்டதுக்கு அரை மணி நேரம் திட்டு விழுந்தா, அதுல துண்டுக்கு உள்ள பங்கு ரெண்டு நிமிசம். மிச்சம் அந்தக் கம்பெனிக்காரனுக்கு வரவேண்டியது. அவன் சார்பா வாங்கி வச்சுக்கோ. நீ மட்டும் என்ன, மேனேஜர்கிட்ட பல்லைக் காட்டிட்டு வந்து வீட்டுல செருப்பை எறியிறவன்தானே.

தாயி, நீயும் சிரிக்காதே. நேரங்கெட்ட நேரத்துல ஈரத்துண்டுப் பேச்சை எடுக்காதே.

துட்டு சங்கதி ஒண்ணு இருக்கு. ஊருக்குச் சொல்லும்போது சம்பளத்தை ரூவாயா மாத்திப் பெருக்கிச் சொல்லுதே. பொண்டாட்டி ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கினா அதையும் பெருக்கிச் சொல்லுதே. வாடகையை மட்டும் பெருக்கிப் பாக்க உனக்குத் தைரியம் இல்ல. டாலர்ல சம்பாதிக்கிறவன் டாலர்ல செலவழிச்சுட்டுப் போயேன். உன் பெருக்கலைக் கேட்டுத்தான் இங்க உன் சித்தப்பன் டிராக்டருக்கு விலை விசாரிக்கான்.

பேரன் தமிழ் பேசலைன்னு ரெண்டு பேரும் அழுதீக. பாசம்னா "ஸ்வீட்டி"ங்கீக. பல் விளக்கலைன்னா மட்டும் "எருமைமாடே"ன்னு சுத்தத் தமிழ் வருது. தமிழ்னா திட்டுறதுக்குன்னே உள்ள பாசைன்னு அவன் முடிவு பண்ணிட்டான். என்கிட்ட ஒருநாள் போன்ல, "தாத்தா, ஆர் யூ ஆங்ரி?"ங்கான். நான் மழை பெஞ்சுதான்னு கேட்டேன், அம்புட்டுத்தான்!

பாத்திரம் கழுவுற மிசின் வாங்கினீகளே, அதுல கழுவின தட்டை அடுக்கி வச்சிருக்கீகளாம். கையாலயே கழுவிட்டு, யார் கழுவுறதுன்னு தினமும் மல்லுக்கட்டு. அந்த மிசினுக்கும் ஒரு வேலை குடுங்கப்பா. அதுக்காவது கனடா அனுபவம் இருக்கு.

பக்கத்துக் கதவு யாழ்ப்பாணத்து அக்காவை மருமகளுக்குப் பிடிச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன். அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ தாயி. 1986 ஆகஸ்டுல கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து கடல்ல ரெண்டு உயிர்காப்புப் படகுல 155 இலங்கைத் தமிழ்ச்சனம் மிதந்து கிடந்தாக. அந்த ஊர் மீன்பிடிக்காரங்கதான் கரை சேத்தாக. அந்த மாதிரி வந்தவுக கட்டின கோயிலும் கடையும்தான் இன்னைக்கு உனக்கு இடியாப்பம் தருது. விமானத்துல சாப்பாடு சரியில்லைன்னு குறை சொல்லிக்கிட்டுப் போன ஆளு என் மகன். அந்த அக்காகிட்ட உன் சாம்பார்க் கதையைச் சொல்லு, சிரிச்சுக்கிட்டே கேப்பா. அவ கதையையும் ஒருநாள் கேளு.

பக்கத்து ஊர் வாத்தியார் மக அங்கதான் ரொம்ப நாளா இருக்கா. அவகிட்ட விசாரிச்சேன். டொராண்டோ நூலகத்துல புதுசா வந்தவுகளுக்கு வழி சொல்லவே ஆள் உக்காந்திருக்காம், காசு கிடையாது. தமிழ்ப் புத்தகமும் இருக்காம். 211ன்னு ஒரு நம்பரு, எந்த உதவி எங்க கிடைக்கும்னு சொல்லுவாகளாம், தமிழ்லயே பேச வேணும்னா அதுக்கும் ஏற்பாடு உண்டாம். டிசம்பர்ல அஞ்சு மணிக்கு முன்னாலயே இருட்டிருமே, அதுக்கு முன்ன மத்தியானமே ஒரு நடை போயிட்டு வா. இருட்டுன வீட்டுக்குள்ள ரெண்டு பேர் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தா, கட்டின நாள்ல இருந்து உள்ள குத்தமெல்லாம் வரிசையா ஞாபகம் வரும்.

சின்னவனே, இதெல்லாம் செய்ய நேரமில்லைன்னா சொல்லிரு, வேற வழியும் இருக்கு. சூப்பர் வீசான்னு பெத்தவுகளுக்கு ஒண்ணு குடுக்கானாம். ஒரு தடவை வந்தா அஞ்சு வருசம் வரைக்கும் தங்கலாம். ஆளுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கணுமாம், அதை நீ எடுத்துருவே. உங்க அம்மா இப்பவே ஊறுகாய் ஜாடியை வெயில்ல வச்சாச்சு. சண்டைக்கு ஆள் பத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, ரெண்டு பேரும் கெளம்பி வந்துருதோம்.