உப்புக்கழியில் பிறந்த லட்சுமி

உப்பு லட்சுமி, காலில் படக்கூடாது என்பார்கள். மரக்காணம் உப்பளத்தில் நாள் முழுக்க லட்சுமியை மிதித்தால்தான் கூலி. வீடு திரும்பினால் அதே லட்சுமி சுவரில், தாமரைமேல் நிற்கிறாள். பக்கத்தில் மாலையோடு யானை. ராஜா ரவிவர்மா போட்ட படம் என்கிறோம். அவர் மட்டுமா போட்டார்?

அந்தப் படம் வீட்டுக்கு வந்தது கல்லச்சு வழியாக. 1796வாக்கில் ஜெர்மனியின் மியூனிக்கில் அலாய்ஸ் செனிஃபெல்டர் என்றொரு நாடகக்காரர். நாடகத்தை அச்சடிக்கக் காசில்லை. ஒருநாள் சலவைக்காரி வாசலில் நிற்க, அம்மா துணிக்கணக்குச் சொல்ல, காகிதம் அகப்படாமல் கல்லிலேயே மெழுகு மையால் எழுதினாராம். எண்ணெய்ப் பசைக்கும் தண்ணீருக்கும் உள்ள பங்காளிப் பகையை வைத்துக் கல்லச்சைக் கண்டுபிடித்தார்.

கல்லச்சுக்கு வாகான கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபனில் கிடைத்தது. சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன் அந்த இடம் மரக்காணத்துப் பக்கத்துக் கழுவெளி மாதிரி ஓர் உப்புக்கழி. கடல்நீர் தேங்கி, வெயிலில் சுண்டி, அடியில் சுண்ணாம்புச் சேறு படிந்து கல்லானது. பாத்தி கட்ட ஆளில்லாத மரக்காணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்லச்சு நம் லட்சுமியிடம் வந்த கதை இது. கும்பகோணத்தில் பிறந்து திவானாகப் பேர் எடுத்த மாதவராவ், 1884இல் ரவிவர்மாவுக்குக் கடிதம் எழுதினார்: ஊரெல்லாம் உம் படம் கேட்கிறது, இரண்டு கை போதாது, ஐரோப்பாவில் கொடுத்து அச்சடியும். ராஜா நிதானமாகப் பத்து வருடம் கழித்து, 1894இல், பம்பாயிலேயே அச்சகம் திறந்தார். இயந்திரம் ஜெர்மனியது. வண்ணத்துக்கு ஒரு கல். கல்லில் வரைந்தவர்கள் வேறு ஆட்கள். பிளேக் வந்தது, கடன் ஏறியது, கடைசியில் அச்சகம் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. செல்வத்துக்கு அதிபதியை அச்சடித்தவருக்கு இந்த கதி.

அச்சாகி வந்தவளை நம் வீடுகள் சும்மா விடவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் அவளுக்குச் சரிகைச் சேலை கட்டி, ஜிகினா ஒட்டி, மணி கோத்துப் போட்டார்கள். சில படங்களில் ராஜா வரைந்ததில் மிச்சம் முகமும் கைகாலும்தான்.

இன்று தெருச்சுவரில் வரைகிறவர் இன்னொருவரோடு சேர்ந்து அச்சடித்து, மேலே கையால் பூசி, எண் போட்டால் அது கேலரியில் கூட்டுப் படைப்பு. கீழே கையெழுத்தும் உண்டு. ஜிகினா ஒட்டிய ஆச்சிகள் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு லட்சுமி இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். ஒட்டியது யார் என்று பெரியவர்களைக் கேட்டு, படத்தின் பின்னால் பேரை எழுதி வையுங்கள்.