வாளிக்குள் ஒரு பாளையக்காரர்

மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், மூடி போட்ட 20 லிட்டர் பெயிண்ட் வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் பெயிண்டர் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் போனால் அந்துருண்டை வாசம் அடிக்கும். வாளிக்குள் இருப்பது கட்டபொம்மன் தலைப்பாகை. பைக்குள் வைத்தால் நசுங்கும், கையில் பிடித்தால் கூட்டம் இடிக்கும், தலையில் வைத்தால் ஊர் சிரிக்கும். அதனால் வாளி. டிக்கெட் பரிசோதகர் “என்னய்யா வாளியில?” என்றால், “பாளையக்காரர்” என்பார்.

இந்தக் கரிசல் காட்டில் ஊருக்கு ஒரு கட்டபொம்மன் அண்ணாச்சி உண்டு. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுவார். இல்லாவிட்டால் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் சம்சாரியாக இருப்பார். மற்ற நாளில் சாதுவான மனுஷர். ஆகஸ்ட் 15 நெருங்கினால் மட்டும் குரல் ஒரு கட்டை ஏறிவிடும். ரேஷன் கடையில் சீனி எடை குறைந்தால்கூட ஜாக்சன் துரையிடம் கேட்கிற தோரணையில்தான் கேட்பார்.

நிஜக் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16-ஆம் தேதி. அண்ணாச்சிக்கு அதெல்லாம் முன்கதைச் சுருக்கம். அவர் கணக்கில் கட்டபொம்மன் பிறந்தது 1959 மே மாதம், தகப்பனார் பி. ஆர். பந்துலு, ஊர் அந்தந்த டூரிங் டாக்கீஸ். சின்ன வயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் சிவாஜிக்கே நடிப்பு ஆசை வந்தது என்பதை வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் எடுத்துவிடுவார். “அவரு பாத்தா கலை, நாம் பாத்தா கிறுக்கா?” வெள்ளைக்காரனை எதிர்த்த படத்துக்கு டெக்னிக்கலர் பிரதி போட்டது லண்டனில் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. வட்டியோடு வாங்கிவிட்டோமாம்.

தலைப்பாகையை அவரே கட்டினார். அட்டைக் கூடு, அதன்மேல் சாட்டின் துணி, ஓரத்தில் ஜிகினா, குறுக்கே கோவில்பட்டி பேன்சி கடை முத்துமாலை. உச்சிக்கு இறகு வேண்டும். அதற்குத்தான் வீட்டில் ரகளை. “ஏங்க, சுடலைக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கு வாலைக் காணோம். சாமிக்கு மொட்டைச் சேவலையா கொடுக்கது?” என்று அக்கா கேட்டதற்கு, நாட்டுக்காகச் சேவல் ஒன்றைத் தியாகம் செய்யக்கூடாதா என்றார். சுடலை ஒன்றும் சொல்லவில்லை. சேவல்தான் ரொம்ப நாள் அவர் பக்கமே வரவில்லை.

2015-இல் படம் டிஜிட்டலாக மறுபடி தியேட்டருக்கு வந்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள், அண்ணாச்சி மட்டும் முகம் செத்துப்போய் வந்தார். இத்தனை வருஷம் பழைய பிரிண்டில் பார்த்து அவர் எடுத்த சாட்டின் நிறம் தப்பாம். மறுநாளே துணியைப் பிரித்தார். பாஞ்சாலங்குறிச்சியில் மே மாதம் வீரசக்கதேவி திருவிழாவுக்குப் புதுச் சாட்டினோடு போனார். வெயில் சும்மா விடுமா? வேர்வையில் சாயம் இறங்கி நெற்றி நிறைய சிவப்புக் கோடு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பாட்டி, “யாரு அடிச்சா ராசா?” என்று விசாரித்தாளாம்.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. அவர் உட்கார்ந்திருக்கும் ஸ்டேஷன் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. 1911 ஜூன் 17-ஆம் தேதி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கேதான். போர்டிலேயே வாஞ்சி மணியாச்சி. ஆனால் வாஞ்சி வேஷம் கேட்டு ஒரு பிள்ளையும் அண்ணாச்சி வாசலுக்கு வந்ததில்லை. ஓட்டப்பிடாரத்துக்காரர் வ.உ.சி.க்கோ படமும் உண்டு, தலைப்பாகையும் உண்டு. அதே சிவாஜி, அதே பந்துலு, 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’. வந்த புதிதில் அது ஓடவில்லை. “ஜிகினா இல்லையேடே” என்பது அண்ணாச்சி தீர்ப்பு. இதைவிட மோசமான சினிமா விமர்சனங்களைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன்.

அவருடைய ஜென்ம விரோதி வெள்ளைக்காரன் இல்லை, எட்டயபுரத்துப் பாரதி. ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு கறுப்புக் கோட்டு, கண்மையால் ஒரு மீசை. பத்தே நிமிஷத்தில் பாரதி தயார். மாறுவேடப் போட்டி மேடையில் வரிசையாக நாலு பாரதி நின்றால் அண்ணாச்சிக்கு வயிறு எரியும். “முறைச்சுப் பாத்தா போதுமா? உழைப்பு எங்கடே?”

தலைப்பாகையை இரவல் தருவார், வாடகை கிடையாது. நிபந்தனை ஒன்றே ஒன்று: வரி கேட்கும் வசனத்தைப் பிள்ளை முழுசாக ஒப்பிக்க வேண்டும். போன சுதந்திர தினத்துக்கு வாங்கிப்போனது இரண்டாம் வகுப்புப் பையன். தலைப்பாகை மூக்குவரை இறங்கிவிட்டது. இருட்டில் பயந்துபோய் வசனத்தை மறந்து, “அம்மா” என்று அழுதான். மேடைக்குக் கீழே நின்ற அண்ணாச்சி விடுவாரா? கட்டபொம்மன், ஜாக்சன் இரண்டு பேருக்கும் அவரே பேசி முடித்தார். பெரிய டீச்சர் மைக்கை அணைத்தும் பயனில்லை, அவருக்கு மைக் எதற்கு?

முதல் பரிசு ஒரு பாரதிக்குப் போனது. பையனுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. அதை அண்ணாச்சி கேட்டு வாங்கி வைத்திருக்கிறார், தலைப்பாகைக்குக் கொடுத்ததாம். மீசையும் ஒட்டுப் பசையும் இப்போது அதற்குள்தான் பயணம் செய்கின்றன.