ஐம்பத்திரண்டாம் பிரிவார் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் பொன்மாளிகையில் 2024 ஜூலை 1 முதல் கொலுவீற்றிருக்கும் ஐம்பத்திரண்டாம் பிரிவாரே, பல்லாண்டு வாழ்க! பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 53ஏ என்ற திருநாமத்தோடு 2006-இல் முடிசூடிய நாள் முதலே தங்கள் தாராளத்தை நாடறியும்.

பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதானவரின் உடலை மருத்துவர் பரிசோதிக்கலாம், காயங்களைக் குறிக்கலாம், டிஎன்ஏ ஆய்வுக்கு ரத்தம் எடுக்கலாம். அடடா, அந்த 'லாம்'! கட்டளையிட்டுக் காவலர் மனத்தை நோகடிக்காத அந்த நயத்தக்க நாகரிகம்! தங்கள் உடன்பிறப்பான 184-ஆம் பிரிவுக்கு இந்த நளினம் ஏது? பாதிக்கப்பட்ட பெண்ணை, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் அனுப்பியே தீர வேண்டும் என்று கறாராகச் சொல்கிறது அது.

அரசு மருத்துவர் இல்லாவிட்டால் வேறொருவரை நாட, தூரத்தை 16 கிலோமீட்டர் என்று அளந்து வைத்த பேரறிவாளரே! கைதானவரை அழைத்துவரும் கெடுவை மட்டும் அளக்காமல் விட்டீர்களே, அந்தக் கருணைக்கு என்ன கைம்மாறு? குளித்து, நகம் வெட்டி, கீறல் ஆறி, சட்டை சலவையாகி, மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் வந்தாலும் தங்கள் வாசல் திறந்தே இருக்கிறது. வந்தபின் பரிசோதனை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் துல்லியமாக எழுதச் சொல்கிறீர்கள். அப்பழுக்கற்ற ஒழுங்கு!

தங்கள் நிழலில் வழங்கும் சான்றிதழின் வாசகமோ தேன்: 'இவர் உடலுறவுக்குத் திறனற்றவர் என்று கருத ஏதுமில்லை.' குற்றத்தின் தடயம் தேடிய இடத்தில் ஆண்மைக்கு நற்சான்று! ரத்த மாதிரியே போதும், இந்த ஆண்மைப் பரிசோதனையைக் கைவிடுங்கள் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மரபின் அருமை நீதியரசர்களுக்குப் புலப்படவில்லை போலும்.

ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2022-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவரை மருத்துவப் பரிசோதனைக்கே உட்படுத்தாதது வழக்கைச் சாய்க்கும் குறை என்றது. குறையா அது? குற்றமற்றவர் என்று அன்றே காட்டக்கூடிய ஒரு துளி ரத்தத்தைக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்யவில்லை. உண்மைக் குற்றவாளியைத் தேடும் அலைச்சலையும் எவருக்கும் வைக்கவில்லை. கூராய்வு மேசையில் அந்தச் சின்ன உடல் மட்டும் தன் சாட்சியத்தைச் சொல்லி முடித்தது. அதற்குப் பதில் சொல்ல எந்த உடலையும் வற்புறுத்தாத பெருந்தகையே, தங்கள் 'லாம்' சந்திர சூரியர் உள்ளவரை நிற்க!