ஸ்டாக்கோடு வாங்கிய அக்கா

'நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேடீஸ் பார்லர், ஸ்டாக்குடன் விற்பனைக்கு' என்று விளம்பரம் வந்தால், ஊரில் மற்றவர்கள் பார்லரைப் போய்ப் பார்ப்பார்கள். அக்கா ஸ்டாக்கைப் பார்க்கப் போவார். பழைய ஓனரம்மாவின் வீட்டுக்காரருக்கு பெங்களூருக்கு மாற்றலாகியிருக்கும், அவசரம். அலமாரியைத் திறந்தால் தங்க நிற மூடிகள் வரிசையாக மின்னும். எல்லாவற்றையும் எம்ஆர்பி விலையிலேயே கூட்டி, "உங்களுக்காக" ஐயாயிரம் தள்ளி, பேரம் முடியும். கடை வாடகை ஒப்பந்தம் இன்னும் எத்தனை மாதம், நாற்காலியின் ஹைட்ராலிக் ஏறி இறங்குகிறதா என்பதெல்லாம் அக்காவுக்குச் சில்லறை விஷயம்.

சாவி கைக்கு வந்த பிறகுதான் டப்பாக்களைத் திருப்பிப் பார்ப்பார். பாதிக்கு மேல் காலாவதி. அன்று தொடங்கும், தேதியோடு அவர் நடத்தும் வழக்கு.

எந்த மாதம், எந்த ஆண்டுக்குள் தீர்க்க வேண்டும் என்று டப்பாவில் அச்சிடச் சொல்வது காஸ்மெட்டிக்ஸ் விதிகள் 2020. அக்காவின் கட்சி வேறு. "அது கம்பெனிக்காரன் அடுத்த டப்பாவை விக்கறதுக்குப் போடற தேதிடி. எங்க பாட்டி போட்ட நாரத்தங்காய்க்கு யார் தேதி போட்டா?" நாரத்தங்காயில் அரைப் படி உப்பு இருந்ததை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

புத்தம் புதிதாக இருக்கையில் தண்ணீர்போல் தெளிந்திருக்கும் வைட்டமின் சி சீரம், காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, பிறகு டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும். சத்து போய்விட்டது என்று பொருள். "பவர் இறங்கியிருக்கு, கலரைப் பாரு" என்பார் அக்கா, பூரிப்போடு. முடிச்சாயத்தோடு கலக்கும் 20 வால்யூம் டெவலப்பரில் 6 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்க வேண்டும். பாட்டிலைத் திறந்து நாளாகிவிட்டால் அந்த வீரியம் குறைந்து, சாயம் சரியாகப் பிடிக்காது. நரை அப்படியே பல்லிளிக்கும். "உங்க முடி ரொம்ப ஸ்ட்ராங்கும்மா, இன்னொரு சிட்டிங் வேணும்" என்று பில்லோடு பாராட்டும் வரும்.

மூடி திறந்த டப்பா படம் போட்டு அதற்குள் '12எம்' என்று எழுதியிருப்பார்கள். திறந்த பிறகு 12 மாதம்தான் என்று கணக்கு. அக்கா அதை 12 மில்லி என்று படிக்கிறார். "50 கிராம் டப்பாலே எப்படிக்கா 12 மில்லி?" என்று உதவிக்கு நிற்கும் பெண் கேட்டால், "நீ போய்த் துண்டை மடி" என்று பதில் வரும்.

சோதனைக்கூடமும் உண்டு. அக்காவின் வீட்டுக்காரர்தான் அது. டிவி பார்த்துக்கொண்டிருப்பவரின் முழங்கையில் ஏதோ ஒன்று தடவப்படும்.

"எரியுதா?"

"லேசா."

"அப்ப வேலை செய்யுது."

கோல்டு ஃபேஷியல் கிட்டில் ஸ்க்ரப் காய்ந்து கல்லாகியிருக்கும். ஃப்ரூட் கிட்டில் மசாஜ் க்ரீம் மட்டும் மிச்சமிருக்கும். டைமண்ட் கிட்டில் பேக்கைத் தவிர ஒன்றும் இருக்காது. மூன்றும் சேர்ந்து ஆடி மாதத்தில் 'ராயல் காம்போ' ஆகிவிடும்.

இத்தனைக்கும் அக்காவுக்குக் கைத்தொழில் சுத்தம். வாயில் நூலைக் கடித்துக்கொண்டு த்ரெட்டிங் செய்ய உட்கார்ந்தால் வலி தெரியாது. இரண்டு புருவமும் அச்சில் வார்த்தாற்போல் வரும். வாசலில் பூ விற்பவரின் மகளுக்கு மணப்பெண் அலங்காரம் செய்துவிட்டுக் காசு வாங்க மறுத்தவர். நகையை அடகு வைத்துத்தான் இந்தக் கடையை எடுத்தார். அலமாரியைக் காலி செய்தால் வளையல் இரண்டும் குப்பைக்குப் போவதுபோல் அவருக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் நியாயம்தான்.

ஆனால் வாடிக்கையாளர் முகத்தில் வருகிற எரிச்சலுக்கு என்ன நியாயம்? அலமாரியின் கீழ்த்தட்டில் லேபிளே இல்லாத ஒரு வெள்ளை டப்பா இருக்கிறது. 'நைட் க்ரீம், ஏழு நாளில் சிவப்பு' என்று பழைய ஓனரம்மா வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனது. தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, உரிம எண் இல்லை. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலர் இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம்களைத் தடவிவந்தவர்கள் என்று 2023இல் மருத்துவர்கள் கண்டார்கள், காரணம் பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த டப்பாவை இன்றைக்கே தூக்கி எறிய வேண்டும்.

ஃபேஷியலுக்கு உட்காரும் முன் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார், சிரித்த முகமாகக் காட்டுவார். தேதி இருக்கும் இடத்தில் மட்டும் அவருடைய கட்டைவிரல் இருக்கும். அதை எடுக்கச் சொல்லுங்கள்.