கடைமடையும் கடைசி இடமும்: திருத்துறைப்பூண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னையின் எஃப்சி கால்பந்து அணி தோற்றால் சென்னைக்காரருக்கு வலிக்கும். அதில் ஆராய ஒன்றுமில்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், முள்ளியாற்றங்கரையில், நேரு ஸ்டேடியத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத ஒருவருக்கு ராத்திரி சோறு ஏன் இறங்காமல் போகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். இத்துறையில் முன்னோடிகள் இல்லை. இருந்த ஓரிருவரும் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆய்வுக் களம், திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடை. தரவு திரட்டிய முறை, பெஞ்சில் உட்கார்ந்திருத்தல். இடைவேளைக்குப் பிறகும் எழுந்து போகாதவர்கள் மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். அவர்களின் எண்ணிக்கையை வெளியிட்டால் ஆய்வின் மதிப்பு குறையும் என்பதால் வெளியிடவில்லை.

கருதுகோள் இதுதான்: இந்த அணிக்கு உலகத்திலேயே பொருத்தமான ரசிகர், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடைக்காரர். காத்திருப்பதில் அவருக்குப் பரம்பரைப் பயிற்சி உண்டு. இந்த அணி ஆடும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசன் வழக்கமாகத் தொடங்குவது சம்பாப் பட்டத்தில். அறுவடை முடிந்து களம் காயும் மாசி, பங்குனியில் பெரும்பாலும் முடிகிறது. நாற்றங்காலைப் பார்க்கும் அதே கண்தான் புதிதாக வந்திறங்கிய பிரேசில்காரரையும் பார்க்கிறது. இரண்டிலும் முதல் மாதம் பச்சையாகத்தான் இருக்கும்.

இதைவிட வலுவான சான்று தொலைத்தொடர்பில் கிடைக்கிறது. செல்போனில் ஆட்டம் பார்ப்பவருக்குப் படம் அரை நிமிடம் பிந்தி ஓடும். கோல் விழுந்த குறுஞ்செய்தி முந்தி வந்துவிடும். எதிரணி வீரர் நடுக்கோட்டில் பந்தைக் கட்டுப்படுத்தும்போதே நமக்கு முடிவு தெரியும். நமது தடுப்பாட்டக்காரர் வழுக்கப்போவதும் தெரியும். இருந்தும் “டேய், புடிடா, புடிடா” என்று கத்துகிறோம். நகரத்து ரசிகருக்கு இது தாங்காது. நமக்கோ, மேட்டூரில் மதகு தூக்கிய படம் மறுநாளே பேப்பரில் வந்துவிடும். தண்ணீர் கல்லணையைத் தாண்டி இங்கே தலைகாட்ட வாரக்கணக்காகும். செய்தி முன்னாலும் பொருள் பின்னாலும் வருவது நமக்குப் பழகிய வாழ்க்கை.

இனி வரலாறு. 2014இல் தொடங்கிய அணி 2015 டிசம்பர் 20இல், கோவாவில், கோவா அணியையே 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 90ஆவது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்தோம். அப்போது கோவா கோல்கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டார். 90 நிமிடத்துக்கு மேல் கொடுத்த கூடுதல் நிமிடங்களில் கொலம்பியக்காரர் மெண்டோசா வெற்றி கோல் அடித்தார். அந்த மாதம்தான் சென்னை வெள்ளத்தில் கிடந்தது. அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தையே புணேயில் ஆடவேண்டி வந்தது. அன்று முதல் இந்த ரசிகருக்கு ஒரு நோய் பிடித்தது. எத்தனை கோல் பின்தங்கினாலும் 88ஆவது நிமிடத்தில் நிமிர்ந்து உட்காருவார். இதைத் தொண்ணூறாம் நிமிட நோய் எனலாம். பிறவிப் பிணிக்கே மருந்து தரும் மருந்தீசர் கோயில் கொண்ட ஊரில் இதற்கு மருந்து கிடைக்கவில்லை.

அடுத்த சான்றை ஆய்வாளர் மிகுந்த கிளர்ச்சியுடன் முன்வைக்கிறார். 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விடவேண்டிய காவிரி நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. 29 நாள் கழித்து, மார்ச் 17இல், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு எஃப்சிக்கு எதிரான இறுதியாட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி கோல். பிறகு நம் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2 என்று வென்றோம். இழந்த 14.75 டிஎம்சிக்கு இது ஈடாகுமா என்பதில் டீக்கடையில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. ஈடாகாது என்றவர்களும் அன்றைக்கு டீக்குக் காசு கொடுத்தது ரசிகர்தான் என்பதை மறுக்கவில்லை.

அதற்கடுத்த சீசனைப் பற்றிப் பேசும்போது ஆய்வாளரின் நடுநிலை சற்றே ஆட்டம் காணும். நடப்புச் சாம்பியன், 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாம் இடம். நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்துப் போட்டது. கரண்டு இல்லாத அந்த நாட்களில் கால்பந்தைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. கரண்டு வந்த பிறகும் அணியின் நிலை மாறவில்லை. இது போதாதென்று, அதே 2018-19இல் சென்னை சிட்டி எஃப்சி கோவையில் ஆடி ஐ-லீக் பட்டத்தை வென்றது. பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். தமிழ்நாட்டில் கோல் இருந்தது, வேறு வாய்க்காலில் ஓடியது. சில ஆண்டுகளில் அந்த வாய்க்காலும் தூர்ந்துபோனது வேறு விஷயம்.

எரிச்சலிலும் வகை உண்டு. தோற்றால் வருவது கீழ்த்தரமான எரிச்சல். ஒரு டீயில் போய்விடும். டிராவில் வருவது உயர்தரம். 2020-21இல் 20 ஆட்டங்களில் 11 டிரா. திட்டவும் முடியாது, கொண்டாடவும் முடியாது. கடைக்கார அண்ணன் “என்னாச்சு?” என்று கேட்டால் “ஒண்ணும் ஆகல” என்று சொல்வதைத் தவிர வழியில்லை, அதுதான் உண்மையும்கூட. அந்த ஆண்டு எட்டாம் இடம். அடுத்த ஆண்டும் எட்டு, அதற்கடுத்த ஆண்டும் எட்டு. பயிற்சியாளர்கள் லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று மாறினார்கள், எட்டு மாறவில்லை. மேலே ஏறவும் மாட்டாமல், கடைசிக்குப் போய் அனுதாபம் பெறவும் மாட்டாமல் நிற்கும் இந்த எட்டாம் இடத்தைத்தான் ரசிகர்கள் அதிகம் வெறுக்கிறார்கள். 2024-25இல் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம் வந்தபோது சிலர் முகத்தில் ஒரு தெளிவே தெரிந்தது.

உரிமையாளர்களில் அபிஷேக் பச்சனோடு தோனியும் ஒருவர் என்ற தகவல் ஆய்வைப் பலமுறை தடம்புரளச் செய்தது. பெஞ்சின் கோடியில் இருந்த பெரியவர் ஒருவர், “தோனி டீமுன்னு சொல்ற. பின்ன அவர எறக்காம ஏன் தம்பி வச்சிருக்காங்க?” என்றார். இக்கேள்விக்குப் பதிலில்லை. இறக்கியிருந்தால் 88ஆவது நிமிடத்துக்காவது பயன்பட்டிருக்கும்.

எதிர்வாதம் ஒன்றைக் கவனித்தாக வேண்டும். “பேசாம வேற டீமுக்கு மாறிடேன் மாப்ள” என்கிறார்கள். மாறலாம்தான். காரைக்குடிப் பக்கம் கண்டனூர்க்காரர் சிவசக்தி நாராயணன். திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையில் நம்மூரும் வருகிறது, கண்டனூரும் வருகிறது. ஒரே தண்டவாளத்துப் பிள்ளை. 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் முதல் கோலை அடித்தவர் அவர். அடித்தது பெங்களூரு எஃப்சிக்காக. இதைச் சொன்னதும் பெஞ்சில் எழுந்த கூச்சல் முன்னெந்தத் தோல்விக்கும் எழுந்ததில்லை. “தண்ணியும் அவனுக்கு, ஃபார்வர்டும் அவனுக்கா?” என்றார் பெரியவர். அணி மாறும் பேச்சு அத்தோடு முடிந்தது.

2025இல் நிலைமை விசித்திரமானது. மேட்டூர் அணை ஜூன் 12இல் சொன்ன தேதிக்குச் சரியாகத் திறந்தது. லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தம் இழுபறியானதால் பந்து வரவில்லை. செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் கடை டிவியில் சீரியல் ஓடியது. தோற்பதற்குக்கூட ஆட்டம் இல்லாத அந்த நாட்களில் ரசிகர் வயலுக்கு அடிக்கடி போனதாகவும், களை எடுப்பவர்களிடம் தேவையில்லாமல் ஆஃப்சைடு விதியை விளக்கியதாகவும் நம்பத்தகுந்த தகவல்.

பரிந்துரை ஒன்றே ஒன்று. காவிரி மேலாண்மை ஆணையத்தின் மாதாந்திர அட்டவணையில் ஜூனுக்கு 9.19 டிஎம்சி, ஜூலைக்கு 31.24 டிஎம்சி என்று இருக்கிறதல்லவா, அதன் கீழேயே ஒரு வரி சேர்த்து, ஆகஸ்ட் மாதத்துக்குள் காயமில்லாத சென்டர் ஃபார்வர்டு ஒருவரைக் கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாகத் திறந்துவிட உத்தரவிட வேண்டும். பற்றாக்குறை ஆண்டென்றால் விகிதாசாரப்படி ஒரு விங்கர் போதும்.