ரிமோட் யார் கையில்?

கேள்வி: வயது 42. மகள் பள்ளிக்குப் போன பிறகும் 'டாம் அண்ட் ஜெர்ரி' பார்க்கிறேன். மனைவி முறைக்கிறார்.
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: 1940-இல் ஹன்னாவும் பார்பேராவும் அந்தப் பூனையையும் எலியையும் ஓடவிட்டது தியேட்டரில். பெரிய படத்துக்கு முன்னால் ஓடும் குறும்படம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பெரியவர்களும் அதற்கு ரசிகர்கள். குழந்தைகளுக்கென்று மட்டும் எடுத்ததில்லை. இதை மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் முறைத்தால் காரணம் கார்ட்டூன் இல்லை. சிங்க்கில் பாத்திரம் கிடக்கிறதா?

கேள்வி: வாயே திறக்காத பூனை எப்படி இவ்வளவு சிரிக்க வைக்கிறது?
- கல்லூரி மாணவி, நெல்லை

பதில்: பாதி வேலை ஸ்காட் பிராட்லியின் இசை. 'தி கேட் கான்செர்ட்டோ' என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். டாம் கோட்டு சூட்டோடு மேடையேறி, லிஸ்ட்டின் ஹங்கேரிய ராப்சடியைப் பியானோவில் வாசிக்கிறார். உள்ளே தூங்கும் ஜெர்ரிக்குத் தூக்கம் கலைகிறது. அப்புறம் கேட்க வேண்டுமா! லிஸ்ட் யாரென்று தெரியாத குழந்தைக்கு அது எலி வேட்டை. தெரிந்தவருக்கு அது கச்சேரி. கடைசியில் வாசித்து வாசித்துக் களைத்து விழுவது பூனை, கைதட்டல் வாங்குவது எலி. ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் மூன்றாவது அர்த்தமும் உண்டு.

கேள்வி: ரோட் ரன்னரைத் துரத்தும் ஓநாய் மலை முனையைத் தாண்டிய பிறகும் அந்தரத்தில் நிற்கிறதே?
- இயற்பியல் ஆசிரியர், வேலூர்

பதில்: கீழே பார்க்கும் வரை விழாது. சம்பளத் தேதி வரைக்கும் பேங்க் பேலன்ஸைப் பார்க்காமல் ஓட்டுகிறவர்களுக்கு இந்த விதி புரியும்.

கேள்வி: ஷின்சானைப் பார்த்து என் பையன் பெரியவர்களை நக்கலடிக்கிறான். நிறுத்திவிடட்டுமா?
- கவலையுள்ள அப்பா, சேலம்

பதில்: யோஷிடோ உசுய் 1990-இல் ஷின்சானை வரைய ஆரம்பித்தது, பெரியவர்கள் படிக்கும் ஒரு வார இதழில். ஆக, சரக்கு உங்களுடையது. பையன் இரவல் வாங்கியிருக்கிறான். வீட்டுக் கடன், நாற்றமடிக்கும் சாக்ஸ், தள்ளுபடி விற்பனைக்கு ஓடும் மனைவி என்று திண்டாடும் அந்த அப்பா ஹிரோஷியைக் கொஞ்சம் கவனியுங்கள். பையன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: மூன்று வயது மகளுக்காக 'ப்ளூயி' போட்டேன். அவள் சிரித்தாள், நான் அழுதேன். எனக்கு என்ன ஆயிற்று?
- இளம் அம்மா, கோவை

பதில்: ஒன்றும் ஆகவில்லை, தூக்கம் போதவில்லை. பிரிஸ்பேனில் ஜோ பிரம் உருவாக்கிய நாய்க் குடும்பம் அது. ஒரு கதை ஏழு நிமிடம்தான். நீங்கள் பார்த்தது 'ஸ்லீப்பிடைம்' என்று பந்தயம் கட்டுவேன். குட்டித் தங்கை பிங்கோ தன் கட்டிலிலேயே தனியாகத் தூங்குவேன் என்று அடம்பிடிக்கிறாள். கனவில் கிரகங்களுக்கு நடுவே மிதக்கிறாள். பின்னணியில் ஹோல்ஸ்ட்டின் 'ஜூபிடர்'. கனவில் கதகதப்பாக ஒளிவீசும் சூரியன்தான் அம்மா. அதே ராத்திரி, நிஜ வீட்டில், அப்பா உதை வாங்கிக்கொண்டு கட்டில் விட்டுக் கட்டில் மாறுகிறார். மகள் கிரகங்களைப் பார்த்தாள். நீங்கள் உங்கள் வீட்டுப் படுக்கையறையைப் பார்த்தீர்கள். பெரியவரும் குழந்தையும் சேர்ந்து பார்க்கும் கார்ட்டூன்களில் என் முதல் மார்க் இதற்குத்தான். கொஞ்சம் குறை சொல்வதென்றால், இவ்வளவு பொறுமையான அப்பாவைக் காட்டி மற்ற அப்பாக்களின் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள்.

கேள்வி: தமிழில் பேசிய கார்ட்டூன்களில் உங்களுக்குப் பிடித்தது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: சுட்டி டிவியில் வந்த ஜாக்கி சான். அதில் சான் பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் கடுகடு கிழவர், தமிழ் பேசத் தொடங்கியதும் நம் தெருமுனைத் தாத்தா ஆகிவிட்டார். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் அவரைக் கேட்டால் யாரோ டப்பிங் கொடுத்தது போல இருக்கிறது.

கேள்வி: பேரனோடு ஜப்பான் கார்ட்டூன் படம் பார்க்க ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?
- ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'. 1988-இல் ஜப்பானில் இதை இன்னொரு படத்தோடு ஜோடி சேர்த்து ஒரே காட்சியில் போட்டார்கள். அந்த இன்னொன்று, போரில் அனாதையாகும் அண்ணன், தங்கை பற்றி தகாஹாதா எடுத்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தே தீருவேன் என்றால், ஃபயர்ஃப்ளைஸை நீங்கள் மட்டும் முதலில் பாருங்கள். அப்புறம் பேரனை எழுப்பி டோட்டோரோ போடுங்கள். மாற்றிப் போட்டால் ராத்திரி சோறு இறங்காது.